கதை முடியும் முன்பே பெயர்: புனேயின் ஹரி நாராயண் ஆப்டே வைத்த தலைப்புகள் சொல்லும் பாடம்

புனேயில் வேலை பார்க்கும் தமிழரா நீங்கள்? அப்படியென்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது சிங்ககட் ஏறியிருப்பீர்கள். நகரத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். மேலே போனதும் பிட்லா-பாக்ரி, காந்தா பஜி, மண் சட்டியில் தயிர். அப்படியே நடந்தால் தானாஜி மாலுசரேயின் நினைவிடம். கூட வந்த மராத்தி நண்பர் அங்கே நின்று ஒரு வரியை உங்களுக்குச் சொல்லியிருப்பார்: கட் ஆலா பண் சிம்ஹ கேலா. நம்ம பேச்சில் சொன்னால், "கோட்டை வந்துச்சு, ஆனா சிங்கம் போயிடுச்சு."

இந்த வரி ஒரு நாவலின் தலைப்பும்கூட. 1903-ல் புனேயில் தொடராக வரத் தொடங்கிய அந்த நாவலை எழுதியவர் ஹரி நாராயண் ஆப்டே. மராத்தி நாவலுக்கு உருவம் கொடுத்தவர் என்று இன்றும் போற்றப்படுபவர். தமிழில் நாம் கல்கிக்குக் கொடுக்கும் இடத்தை மனதில் வைத்துக்கொண்டால், மராத்தியில் ஆப்டேவின் இடம் ஓரளவு புரியும்.

இந்தக் கட்டுரை அவருடைய வாழ்க்கையை ஒரு குறிப்பிட்ட ஜன்னல் வழியாகப் பார்க்கிறது. அது, அவர் தன் நாவல்களுக்கு வைத்த பெயர்கள். காரணம் எளிது. அவர் பெயர் வைத்தபோது பெரும்பாலும் கதை முடிந்திருக்கவில்லை. எழுதிக்கொண்டிருக்கும் ஒரு வரலாற்று நாவலுக்கு என்ன பெயர் வைப்பது என்று யோசிப்பவர் உங்களில் யாராவது இருந்தால், இது உங்களுக்கும் பயன்படும்.

யார் இந்த ஆப்டே?

1864 மார்ச் 8 அன்று, காந்தேஷ் பகுதியில் உள்ள பாரோலாவில் பிறந்தார். பாரோலா இன்று மகாராஷ்டிராவின் ஜள்காவ் மாவட்டத்தில் இருக்கிறது. சிறுவயதில் மும்பை, பிறகு புனே. அவரை வளர்த்து ஆளாக்கியதில் பெரிய பங்கு சித்தப்பா மகாதேவ் சிம்ணாஜி ஆப்டேவுக்கு உண்டு. அவர் மும்பை உயர் நீதிமன்ற வழக்கறிஞர். 1888-ல் புனேயில் ஆனந்தாஸ்ரமம் என்ற நிறுவனத்தைத் தொடங்கியவரும் அவரே. பழைய சமஸ்கிருதச் சுவடிகளைச் சேர்த்துப் பதிப்பிப்பது அதன் வேலை. அந்த நிறுவனத்தை நடத்தும் பொறுப்பு பின்னாளில் ஹரியின் தோளில் விழுந்தது. இறுதிவரை அதைச் சுமந்தார்.

1880-ல் புனேயில் நியூ இங்கிலீஷ் ஸ்கூல் தொடங்கியபோது அதில் சேர்ந்து படித்தார். ஆசிரியர்கள் யார் தெரியுமா? விஷ்ணுசாஸ்திரி சிப்ளூண்கர், பால கங்காதர திலகர், கோபால் கணேஷ் அகர்கர். ஒரே பள்ளியில் இப்படி மூன்று பேர். சிப்ளூண்கர் 1882-ல் இறந்தபோது மாணவர் ஹரி ஒரு நீண்ட இரங்கற்பா எழுதினார். அகர்கர் ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' நாடகத்தை மராத்தியாக்கியபோது, குரு என்றும் பார்க்காமல் விரிவான விமர்சனம் எழுதினார். ஆசிரியர் மீது அன்பும் உண்டு, ஆசிரியரைக் கேள்வி கேட்கும் தைரியமும் உண்டு.

கல்லூரிக்குப் போனார். ஆனால் கணக்கு காலை வாரிவிட்டது. பட்டம் வாங்கவில்லை. அந்தக் காலப் புனேயில் பட்டம் இல்லாத ஒரு நடுத்தர வர்க்கத்து இளைஞனுக்கு அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் அவர் கையில் பேனா இருந்தது. 21 வயதில், 1885-ல், முதல் நாவல் தொடராக வந்தது. பெயர் 'மதலீ ஸ்திதி'. அதாவது, இடைப்பட்ட நிலை. பழையதை விட்டுவிட்டு, புதியதைப் பிடிக்காமல் நடுவில் நின்ற ஒரு சமூகத்தின் கதை. முதல் தலைப்பிலேயே ஒரு ஆளின் பெயரோ ஊரின் பெயரோ இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு நிலைமையின் பெயர் இருக்கிறது. இந்தப் பழக்கம் அவரைவிட்டுப் போகவே இல்லை.

வாரப் பத்திரிகையும் முன்கூட்டியே வைத்த பெயரும்

1890-ல் 'கரமணூக்' என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். சொல்லுக்குப் பொருள் பொழுதுபோக்கு. பெயர்தான் அப்படி. உள்ளே இருந்தது சமூக சீர்திருத்தம், வரலாறு, அறிவியல், வாழ்க்கை வரலாறு என்று எல்லாமும். 27 ஆண்டுகள் அதற்கு ஆசிரியராக இருந்தார். அவருடைய பெரும்பாலான நாவல்கள் அதில்தான் வாராவாரம் வந்தன.

இங்கேதான் தலைப்புப் பிரச்சினை வருகிறது. முழு நாவலையும் எழுதி முடித்து, பதிப்பாளரிடம் கொடுத்து, கடைசியில் நிதானமாகப் பெயர் வைக்கும் வசதி தொடர்கதை எழுதுபவருக்குக் கிடையாது. முதல் வாரமே பெயரை அச்சில் ஏற்றியாக வேண்டும். கதை எப்படி வளரும், எந்தப் பாத்திரம் பெரிதாகும், முடிவு என்ன என்பது எழுதுபவருக்கே பாதிதான் தெரியும். ஆனால் பெயர் கல்லில் பொறித்த மாதிரி. இரண்டு வருடம் கழித்து மாற்ற முடியாது.

ஆப்டேவின் புகழ்பெற்ற சமூக நாவல் 1890-ல் இப்படித்தான் தொடங்கியது: 'பண் லக்ஷாத் கோண் கேதோ!' யமூ என்ற பெண் தன் கதையைத் தானே சொல்கிறாள். சிறு வயதில் திருமணம், பிறகு விதவைக் கோலம், அதற்குப் பின் வரும் கொடுமைகள். தலைப்பை நம்ம தமிழில் சொன்னால், "ஆனா யாரு கண்டுக்குறாங்க?" இது இலக்கியத் தலைப்பு மாதிரியே இல்லை. அடுப்படியில் யாரோ முணுமுணுக்கிற மாதிரி இருக்கிறது. யமூவின் பெயரை வைத்திருந்தால் அது ஒருத்தியின் கதை. இப்படிக் கேட்டதால் அது வாசிப்பவரின் மேல் திரும்புகிறது. நீ கண்டுக்கிறாயா இல்லையா?

பஞ்ச காலத்தைப் பற்றிய அவருடைய இன்னொரு கதையின் பெயரும் இதே ரகம்: 'காள் தர் மோடா கடீண் ஆலா'. காலம் ரொம்பக் கொடுமையா வந்திருக்கு என்று ஊர்ப் பெரியவர் பெருமூச்சு விடுவதுபோல. அது 1897-ல் லண்டனில் ஆங்கிலத்தில் வெளிவந்தபோது தலைப்பு 'ராம்ஜி' என்ற ஆள் பெயராக மாறி, இந்தியப் பஞ்சத்தின் ஒரு துயரக் கதை என்ற விளக்கம் பக்கத்தில் ஒட்டிக்கொண்டது. மராத்தி வாசகருக்குப் பஞ்சம் என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. பெருமூச்சே போதும். வெளிநாட்டு வாசகருக்கு ஆளையும் காட்ட வேண்டும், என்ன நடந்தது என்றும் சொல்ல வேண்டும். ஒரே கதை, இரண்டு வாசகர்கள், இரண்டு பெயர்கள்.

விடியல், சூரியோதயம், மத்தியானம்

வரலாற்று நாவலுக்கு வருவோம். ஆப்டேவின் முதல் முயற்சி 'மைசூர்சா வாக்', அதாவது மைசூர்ப் புலி. மெடோஸ் டெய்லர் என்ற ஆங்கிலேயர் திப்பு சுல்தானின் பெயரையே தலைப்பாக வைத்து எழுதிய நாவலைத் தழுவியது. அங்கேயே பாருங்கள், ஆள் பெயரை எடுத்துவிட்டு அடைமொழியை வைத்துவிட்டார்.

அவருடைய சொந்த வரலாற்று நாவல் வரிசை 1895-ல் 'உஷ:கால்' என்ற தொடருடன் தொடங்குகிறது. இந்தச் சொல்லுக்கு உங்களுக்கு மொழிபெயர்ப்பே தேவையில்லை. நம் கோயில்களில் அதிகாலையில் நடக்கும் உஷக்கால பூஜையில் இருக்கும் அதே சொல்தான். விடியலுக்கு முந்தைய நேரம். வானம் வெளுக்கத் தொடங்கியிருக்கும், சூரியன் இன்னும் தலைகாட்டியிருக்காது.

கதை நடப்பது சிவாஜி அரசராவதற்கு வெகுமுன்பு. பீஜப்பூர் சுல்தானுக்கு விசுவாசமான ஒரு கோட்டைத் தலைவர். அவருடைய மகனோ மலைகளில் ஆள் சேர்த்துக்கொண்டிருக்கும் ஓர் இளைஞனின் பக்கம் சாய்கிறான். அந்த இளைஞன்தான் சிவாஜி. அப்பாவின் உப்புக்கு நன்றியா, மகனின் புதிய கனவா என்பதுதான் நாவலின் இழுபறி.

இதற்கு சிவாஜியின் பெயரை வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? வாசகர் ஒவ்வொரு வாரமும் சிவாஜி எப்போது வருவார் என்றே காத்திருப்பார். அப்பா-மகன் கதை இடைச்செருகல் ஆகியிருக்கும். 'விடியல்' என்று வைத்ததால் அந்தப் பிரச்சினை இல்லை. சூரியன் வரப்போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் இருட்டில் நிற்கிற மனிதர்கள் என்ன செய்தார்கள் என்பதே கதை என்று தலைப்பே சொல்லிவிடுகிறது. எழுதுபவருக்கும் இது சௌகரியம். கதை எந்தப் பக்கம் வளர்ந்தாலும் பெயர் பொய்யாகாது.

பின்னாளில் வந்த பெயர்களைப் பாருங்கள். 1905-ல் 'சூர்யோதய்'. அடுத்து 1906-ல் 'மத்யான்ஹ', அதாவது நம்ம மத்தியானம். 1908-ல் 'சூர்யக்ரஹண்', சூரிய கிரகணம். ஒரு அரசின் வரலாற்றை ஒரு பகல்பொழுதாக மாற்றிவிட்டார். ஒவ்வொரு பெயரும் தனியாக நிற்கிறது. சேர்த்துப் பார்த்தால் ஒரு வரிசை தெரிகிறது. இதில் கிரகணக் கதை முடிக்கப்படாமலே நின்றுபோனது.

'ஸ்வராஜ்யம்' தலைப்பில் ஏறியபோது

தலைப்பு என்பது வெறும் அழகு சமாச்சாரம் இல்லை என்பதற்கு 1897-ம் ஆண்டே சாட்சி. 'உஷ:கால்' தொடராக வந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், அதே நகரத்தில், திலகர் சிவாஜி விழாவை முன்னெடுத்தார். புனேயில் பிளேக் பரவியது. வீடு வீடாகச் சோதனை போட்ட அரசின் கெடுபிடி மக்களைக் கொதிக்க வைத்தது. 1897 ஜூன் 22 அன்று பிளேக் கமிஷனர் ராண்ட் சுடப்பட்டார். சில வாரங்களில் திலகர் கைது. 'கேசரி'யில் சிவாஜி விழாவை ஒட்டி வந்த எழுத்துகளுக்காக ராஜத் துரோக வழக்கு. 18 மாதச் சிறை.

யோசித்துப் பாருங்கள். சிவாஜியைப் பற்றி எழுதியதைக் காட்டி, உங்களுக்குப் பள்ளியில் பாடம் எடுத்தவரைச் சிறையில் போட்டிருக்கிறார்கள். நீங்களும் சிவாஜி காலத்தைப் பற்றித்தான் வாராவாரம் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். அடுத்த நாவலுக்கு என்ன பெயர் வைப்பீர்கள்?

1898-ல் தொடங்கிய ஆப்டேவின் அடுத்த வரலாற்று நாவலின் பெயர் 'கேவள் ஸ்வராஜ்யாஸாடீ'. ஸ்வராஜ்யத்துக்காக மட்டுமே.

ஆப்டே தீவிரவாத அரசியல்காரர் இல்லை. கோபால கிருஷ்ண கோகலேயின் நெருங்கிய நண்பர், அகர்கரின் சீர்திருத்த வழியில் வந்தவர், நகராட்சிப் பணி பார்த்தவர். ஸ்வராஜ்யம் என்பது மராட்டிய வரலாற்றில் சிவாஜியின் ஆட்சியைக் குறிக்கும் பழைய சொல். வரலாற்று நாவலின் அட்டையில் அது இருப்பதில் சட்டப்படி ஒரு குற்றமும் இல்லை. ஆனால் 1898-ல் புனேத் தெருவில் அதைப் படித்தவரின் காதில் 17-ம் நூற்றாண்டு மட்டுமா கேட்டிருக்கும்? வரலாற்று நாவலின் தலைப்புக்கு எப்போதும் இரண்டு தேதிகள் உண்டு. கதை நடக்கும் தேதி ஒன்று, புத்தகம் வரும் தேதி இன்னொன்று. நல்ல தலைப்பு இரண்டிலும் ஒலிக்கும்.

முடிவைச் சொல்லிவிடும் தலைப்பு

சரி, சிங்ககட் நாவலுக்கு வருவோம். 1665-ல் புரந்தர் உடன்படிக்கையில் சிவாஜி முகலாயர்களுக்கு விட்டுக்கொடுத்த கோட்டைகளில் ஒன்று கொண்டாணா. 1670 பிப்ரவரியில் தானாஜி இரவோடு இரவாகச் செங்குத்துப் பாறையில் ஏறி அதைப் பிடித்தார். உடும்பின் இடுப்பில் கயிறு கட்டி ஏறினார்கள் என்பது வாய்மொழிக் கதை. நம்ம 'உடும்புப்பிடி' நினைவுக்கு வருகிறதா? சண்டையில் தானாஜி இறந்தார். கோட்டை கிடைத்தது, தளபதி போனார் என்று சிவாஜி வருந்தியதாக மரபு. அந்த வருத்தத்தையே ஆப்டே தலைப்பாக்கினார்.

இன்றைய பேச்சில் சொன்னால் இது பக்கா ஸ்பாய்லர். கோட்டை விழும், நாயகன் சாவான் என்று அட்டையிலேயே போட்டாகிவிட்டது. ஆனாலும் ஓடியது. ஏன்? மராத்தி வாசகர் எல்லோருக்கும் முடிவு ஏற்கனவே தெரியும். தெரிந்த முடிவை மறைத்து என்ன பயன்? அதனால் தலைப்பின் கனம் 'கோட்டை வந்தது' என்பதில் இல்லை, நடுவில் இருக்கும் அந்த 'ஆனால்' என்ற சின்னச் சொல்லில் இருக்கிறது. வெற்றிக்கு என்ன விலை கொடுத்தார்கள் என்பதே கதை.

இந்த நாவலை வைத்து பாபுராவ் பெயிண்டர் 1923-ல் மௌனப் படம் எடுத்தார். வி. சாந்தாராம் 1933-ல் பேசும் படம் எடுத்தார். இரண்டு படங்களுக்கும் பெயர் 'சிங்ககட்'. நீண்ட வாக்கியம் போய், இடத்தின் பெயர் வந்தது. போஸ்டருக்கு அது வசதிதான். ஆனால் அந்த 'ஆனால்' காணாமல் போய்விட்டது.

பெயர் வரலாற்றை மாற்றுமா?

இங்கே கொஞ்சம் கவனம் தேவை. தானாஜி என்ற சிங்கத்தின் நினைவாகத்தான் கொண்டாணாவுக்குச் சிங்ககட் என்று பெயர் மாறியது என்று பலரும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஆனால் 1670-க்கு முந்தைய கடிதத்திலேயே சிங்ககட் என்ற பெயர் இருப்பதை வரலாற்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அதாவது, சிங்கம் போவதற்கு முன்பே கோட்டைக்கு அந்தப் பெயர் இருந்தது.

இன்னொரு விஷயம் நமக்கு நெருக்கமானது. சிவாஜியின் வரலாற்றைச் சொல்லும் மிகப் பழைய மராத்தி நூல்களில் ஒன்று சபாஸத் பகர். கிருஷ்ணாஜி அனந்த் சபாஸத் அதை எழுதியது புனேயில் இல்லை, நம்ம செஞ்சிக் கோட்டையில். சிவாஜியின் மகன் ராஜாராம் அங்கிருந்து ஆட்சி நடத்திய 1690-களில். அந்த நூலில் சிவாஜியின் வருத்தம் கொஞ்சம் வேறு மாதிரி வருகிறது. ஒரு கோட்டையைப் பிடித்தோம், ஒரு கோட்டையை இழந்தோம் என்கிற பொருளில். அங்கே தானாஜி சிங்கம் இல்லை, தானே ஒரு கோட்டை.

ஆனால் இன்று எல்லோர் வாயிலும் இருப்பது சிங்கம்தான். நாவலின் தலைப்பும் அந்த வடிவத்தை ஊர் ஊராகக் கொண்டு சேர்த்தது. இது ஆப்டேவின் பலம். வரலாற்று நாவல் எழுதும் யாருக்கும் இதுவே எச்சரிக்கையும்கூட. புத்தகத்தைப் படிக்காதவர்களும் தலைப்பைச் சொல்வார்கள். அது மெல்ல மெல்ல வரலாறாகவே ஆகிவிடும்.

கல்கியின் பக்கம் ஒரு பார்வை

ஆப்டேவுக்கு ஒரு தலைமுறைக்குப் பிறகு நம்ம கல்கியும் இதே நிலையில் இருந்தார். வாராவாரம் தொடர், முதல் வாரமே பெயர். 'பார்த்திபன் கனவு' என்று வைத்தார். பார்த்திபன் தொடக்கத்திலேயே இறந்துவிடுகிறான். ஆனால் கனவு சாகவில்லை, அது மகனிடம் போகிறது. 'சிவகாமியின் சபதம்' என்றார். சபதம் நிறைவேறுமா என்ற கேள்வி தொடர் முழுக்க நிற்கிறது. 1950-ல் 'பொன்னியின் செல்வன்'. அருள்மொழிவர்மனை நாம் நேரில் பார்க்க இரண்டாம் பாகம் வரை காத்திருக்க வேண்டும். 'ராஜராஜ சோழன்' என்று வைத்திருந்தால் அவன் அரசனாவான் என்ற முடிவைப் பெயரே சொல்லியிருக்கும். கனவு, சபதம், செல்லப் பெயர் எல்லாமே இன்னும் முடியாத விஷயங்கள். ஆப்டேவின் விடியலும் கிரகணமும் அப்படித்தான்.

நீங்கள் எழுதிக்கொண்டிருந்தால்?

ஆபீஸ் முடிந்து இரவில் லேப்டாப்பைத் திறந்து வரலாற்று நாவல் எழுதுகிறவர்கள் இன்று நிறைய பேர். செயலிகளில் அத்தியாயம் அத்தியாயமாக வெளியிடுபவர்களுக்கு ஆப்டேவின் அதே சிக்கல்தான். பெயரை முதல் நாளே கேட்கிறது அந்தப் பெட்டி. ஆப்டேவின் தலைப்புகளிலிருந்து மூன்று கேள்விகளை எடுத்துக்கொள்ளலாம்.

ஒன்று, கதை நீங்கள் நினைக்காத பக்கம் திரும்பினாலும் இந்தப் பெயர் உண்மையாக இருக்குமா? நாயகனின் பெயரை வைத்துவிட்டு, பாதியில் அவனைவிட அவன் தங்கை பெரிய பாத்திரமாகிவிட்டால் என்ன செய்வீர்கள்?

இரண்டு, இந்தப் பெயர் இன்றைக்கு என்ன சொல்கிறது? சோழர் காலத்துச் சொல் ஒன்று இன்றைய தேர்தல் மேடையில் வேறு அர்த்தத்தில் ஓடிக்கொண்டிருக்கலாம். தெரிந்து வைத்தால் துணிச்சல். தெரியாமல் வைத்தால் வம்பு.

மூன்று, படிக்காதவர் இந்தப் பெயரை மட்டும் நம்பினால், அவர் நம்புவது சரியா? கல்வெட்டு ஒன்று சொல்ல, உங்கள் தலைப்பு வேறொன்றைச் சொல்லலாம். நாளை ஊர் நம்பப்போவது தலைப்பைத்தான்.

ஆப்டேவின் கடைசி வரலாற்று நாவல் விஜயநகரத்தின் வீழ்ச்சியைப் பற்றியது. பெயர் 'வஜ்ராகாத்', இடி விழுந்த அடி. 1913-ல் தொடங்கி 1915 வரை வந்தது. 1912-ல் அகோலாவில் நடந்த மராத்தி சாகித்ய சம்மேளனத்துக்குத் தலைமை தாங்கினார். 1915-ல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் மராத்தி மொழியின் தோற்றம் குறித்துச் சொற்பொழிவுகள் ஆற்றினார். கணக்கில் தோற்றுப் பட்டம் வாங்காதவரைப் பல்கலைக்கழகமே மேடைக்கு அழைத்தது. 1919 மார்ச் 3 அன்று, 55-வது பிறந்தநாளுக்கு ஐந்து நாள் இருக்கும்போது காலமானார்.

அவர் பாதியில் விட்டுப்போன தொடர்கள் பல. முடிவே இல்லாத அந்தக் கதைகளுக்கும் பெயர் இருக்கிறது. 'சூர்யக்ரஹண்' என்ற சொல்லைக் கேட்டதும், எழுதப்படாத பக்கங்களில் என்ன நடந்திருக்கும் என்று நீங்களே யோசிக்கத் தொடங்கிவிடுகிறீர்கள் இல்லையா? எழுதிக்கொண்டிருக்கும் நாவலின் தலைப்பிடம் அதற்குமேல் என்ன கேட்க முடியும்?